பதித்த பல்லும் ஊர்க் காரமும்

சிலமலையிலிருந்தும் போடியிலிருந்தும் அயல்நாடு சென்று பணிபுரிவோர் சிலர், அங்கேயே இம்ப்ளாண்ட் முறையில் பல் பதித்துக்கொள்கின்றனர். ‘மென்மையான உணவு உண்க’ என்ற அறிவுரையோடு அறைக்குத் திரும்புவர். குழைந்த சாம்பார் சோறும் மென்மையானதுதானே என்று எண்ணுவது இயல்பு. காரத்தால் பல் கழன்றுவிடுமோ என்று வீட்டார் அஞ்சுவதும் இயல்பே.

கழலாது. டைட்டானியம் எலும்போடு இணைந்துவிடும் என்பதை 1950களில் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க் கண்டறிந்தார். தாடையில் அவ்விணைப்பு உறுதிபெறப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதங்கள் ஆகும். மிளகாயின் காரம் அதைக் கெடுப்பதில்லை. ஆறாத ஈற்றைத்தான் எரிக்கிறது. மிளகாய் விதை தையலில் சிக்கினால் நாக்கும் குச்சியும் அங்கே துழாவத் தொடங்கும், தொல்லை அதில்தான். ஆகவே ஈறு ஆறும்வரை, ஏறத்தாழ 2 வாரங்கள், ஆறவைத்த தயிர்ச்சோறு, பாலில் ஊறிய இட்லி, காரமற்ற பருப்புக் கடைசல் போதும். ஏலக்காய் மணம் வேண்டுமெனில் பாலில் தட்டிப் போட்டு வடிகட்டுங்கள். தவறிக் காரம் பட்டால் தண்ணீர் பயன்தராது; குளிர்ந்த பாலோ தயிரோ தணிக்கும்.

காரத்தைவிட எனக்குக் கவலை தருபவை புகையிலையும் கட்டுக்கடங்காத சர்க்கரையும். இணைப்பையே அவை குலைக்கக்கூடும். மூன்றாம் நாளுக்குப் பின்னும் வலி கூடினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஊர் திரும்பும்போது, பதித்த திருகின் நிறுவனம், அளவு, நாள் குறித்த அட்டையைக் கேட்டு வாங்கி வாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கருவி மாறுபடும். அட்டை இன்றேல் இங்குள்ள பல் மருத்துவர் திணறுவார்.