சம்பளப் பட்டியலுக்கு வெளியே

இலங்கையின் வடக்கில், கொக்கிளாய் என்ற ஊர் இருக்கிற முல்லைத்தீவு மாவட்டத்திலும் பக்கத்துக் கிளிநொச்சியிலும் உள்நாட்டுப் போர் முடிந்தபின் முன்பள்ளிகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பகுதி மாகாணக் கல்வி நிர்வாகத்தின் மேற்பார்வையில் இயங்கியது. மற்றப் பகுதியின் ஆசிரியைகள், பாதுகாப்பு அமைச்சின் கீழ் 2006இல் உருவான சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அடையாளம் கொள்கை ஆய்வு மையம் 2017இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. திணைக்களத்து ஆசிரியைக்கு மாதம் 30,000 ரூபா அளவில் கிடைத்தது. மற்றவருக்கு 6,000 ரூபா கிடைத்தாலே பெரிது.

இருவரும் செய்தது ஒரே வேலை.

இப்படியான சம்பள இடைவெளியை அளக்கத் தரவு அறிவியலில் வழி உண்டு. ஒஹாக்கா, பிளைன்டர் என்ற இரு பொருளியலாளர்கள் 1973இல் தனித்தனியே அதை வகுத்தார்கள். இரு குழுக்களின் சராசரிச் சம்பள வித்தியாசத்தை எடுத்து, அதில் படிப்பு, அனுபவம், பதவி ஆகியவற்றால் வருவது எவ்வளவு என்று முதலில் பிரிப்பார்கள். காரணம் கிடைக்காமல் எஞ்சுவதுதான் சந்தேகத்துக்குரிய பகுதி. இலங்கையின் தொழிற்படை ஆய்வுத் தரவுகளை (1996–2004) வைத்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திலேனி குணவர்தனவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வு, சராசரியோடு நிற்காமல் சம்பள ஏணியின் ஒவ்வொரு படியையும் பார்த்தது. ஆண் பெண் இடைவெளி மேல்படியைவிடக் கீழ்ப்படியில்தான் கூடுதலாகத் தெரிந்தது, அரச துறையிலும்கூட.

ஆனால் முன்பள்ளி விடயத்தில் இந்தக் கணக்கு எளிதில் தடம் புரளும். 'சம்பளம் தருவது யார்' என்பதையும் ஒரு காரணியாகக் கணக்கில் சேர்த்துவிட்டால், அந்த ஐந்து மடங்கு வித்தியாசம் முழுவதும் 'விளக்கப்பட்ட' பகுதிக்குள் போய்விடும். எஞ்சுவது பூச்சியத்துக்குக் கிட்ட வரும். கணினி பிழை செய்யவில்லை. எதை நியாயமான காரணமாக ஏற்பது என்று முடிவெடுத்தது மனிதர். பாதுகாப்பு அமைச்சு தருவதால் கூடுதல் என்பது விவரம் மட்டுமே, அதை நியாயமாக ஏற்க முடியாது.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. அரச ஊழியர் பட்டியலை மட்டும் எடுத்து ஆராய்ந்தால், கொடுப்பனவில் வேலை செய்கிற முன்பள்ளி ஆசிரியை அதில் ஒரு வரியாகக்கூட இருக்கமாட்டார். அரச நிர்வாகச் சுற்றறிக்கை 3/2016 அரச சேவையின் குறைந்தபட்ச ஆரம்ப அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவாக வகுத்தது; 2025 வரவு செலவுத் திட்டம் அதைப் படிப்படியாக 40,000 ஆக்க வகைசெய்தது. இந்த உயர்வுகள் சம்பளத் திட்டத்துக்குள் இருப்பவர்களுக்கானவை. ஆகவே ஆய்வாளர் பட்டியலிலிருந்து அல்ல, வேலையிலிருந்து தொடங்கவேண்டும்: யார் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள் என்று முதலில் எண்ணி, பிறகு ஒவ்வொருவருக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர வேண்டும்.

ஊரின் வரலாறும் தரவுதான். கொக்கிளாய் மக்கள் 1984இல் இடம்பெயர்ந்தவர்கள். ஊர் திரும்பப் போர் முடியவேண்டியிருந்தது. உழைக்க வழி குறைந்த இப்படியான மாவட்டத்தில் ஒரு பெண் திணைக்களத்து வேலையை ஏற்றதை 'விருப்பத் தெரிவு' என்று ஆய்வுப் படிவத்தில் குறித்தால் இடைவெளியின் காரணமே தரவிலிருந்து அழிந்துவிடும். இடம்பெயர்ந்த ஆண்டு, மீள்குடியேறிய ஆண்டு, வீட்டில் உழைப்பவர் எத்தனை பேர் ஆகிய மூன்றையும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே கேட்டு எழுதவேண்டும்.