பழைய வரைகலை அட்டையும் புதிய விளையாட்டும்



சில மாதங்களுக்கு முன், பள்ளியிறுதி முடித்துக் கல்லூரியில் சேரவிருந்த மாணவன் ஒருவன் என்னைக் காண வந்தான். அவன் வீட்டுக் கணிப்பொறியில் இருப்பது 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு வரைகலை அட்டை. புதிய விளையாட்டுகளுக்கு அது இனி உதவாது என்று நண்பர்கள் சொல்லிவிட்டார்கள். மகன் முகம் வாடுவதைக் கண்ட தந்தை, கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய தொகையிலிருந்து எடுத்தேனும் புதிய அட்டை வாங்கித் தருவதாகக் கூறிவிட்டார். பையனுக்கு மனம் உறுத்தியது. "ஐயா, பழையது உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கண்ட விடையையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வரைகலை அட்டை என்பது யாது? கடைகளில் அதனைக் கிராபிக்ஸ் கார்டு என்பர். கணிப்பொறியின் திரையில் தோன்றும் படம், நெருக்கமாக அமைந்த சிறு புள்ளிகளால் ஆனது. நம்மிடையே பெரிதும் வழங்கும் திரையில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விளையாட்டில் உருவங்கள் தடையின்றி அசைவதுபோல் தோன்ற, நொடிக்கு 60 படங்களேனும் வரைவது நல்லது. ஆக, ஒரு நொடியில் 12 கோடியே 44 லட்சத்து 16 ஆயிரம் புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். கணிப்பொறியின் மூளையாகிய மையச் செயலி பலவகைக் கணக்குகளை விரைந்து செய்யும் ஆற்றலுடையது. எனினும் ஒரே வகையான சிறு கணக்கை இவ்வளவு பெருந்தொகையில் செய்ய அது ஏற்றதன்று. வகுப்பாசிரியர் ஒருவரே ஆயிரம் சிலேட்டுகளைத் திருத்துவதினும், ஆயிரம் மாணவர் ஆளுக்கொன்றாகத் திருத்தினால் வேலை விரைவில் முடியுமன்றோ? அவ்வாறு ஆயிரக்கணக்கான சிறு கணிப்பு அலகுகளை ஒன்றுசேர்த்து வேலை வாங்குவதே வரைகலை அட்டை.

அந்த மாணவனிடம் இருந்தது என்விடியா நிறுவனத்தின் ஜீ.டி.எக்ஸ். 1060 என்னும் அட்டை. 2016 ஜூலையில் வெளிவந்த இதில் 1280 கணிப்பு அலகுகளும், 6 ஜிகாபைட் நினைவகமும் உள்ளன. நினைவகத்திற்கும் கணிப்பு அலகுகளுக்கும் இடையே நொடிக்கு 192 ஜிகாபைட் அளவு செய்தி பாயும். ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனை நிலையம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்ததும் இதுவே. 2022 நவம்பரில்தான் இதன் இளவலாகிய 1650 என்னும் அட்டை இதனை முந்தியது. ஆதலால் இதனை எடுத்துக்காட்டாகக் கொள்வது பொருந்தும்.

இனி, இவ்வட்டையின் திறனை நம் மாவட்டத்துக் கண்மாய்களைக் கொண்டு விளக்குகிறேன். புதுக்கோட்டையை அடுத்த கவிநாட்டுக் கண்மாயை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கண்மாயின் பயனை அறிய மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கண்மாய் எவ்வளவு நீர் கொள்ளும்? மடை எவ்வளவு நீரை வெளிவிடும்? பாயவேண்டிய நிலம் எங்கே இருக்கிறது? வரைகலை அட்டைக்கும் இம்மூன்று கேள்விகளே பொருந்தும்.

முதலாவது, கொள்ளளவு. விளையாட்டில் காணும் சுவரின் கரடு, மரப்பட்டையின் வரி, உடையின் நெசவு ஆகிய மேற்பரப்புப் படங்கள் யாவும் அட்டையின் நினைவகத்தில் தங்கியிருக்க வேண்டும். 6 ஜிகாபைட்டில் அவை அடங்கினால் தொல்லையில்லை. அடங்காவிடில், மிகுந்தவற்றைக் கணிப்பொறியின் பொது நினைவகத்தில் வைத்து, குறுகிய வழியாக அவ்வப்போது கொண்டுவர நேரும். கண்மாய் வற்றியபின் தொலைவிலுள்ள கிணற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வயலுக்கு ஊற்றுவது போன்றது இது. படம் திடீரென நின்று நின்று ஓடும். இதற்கு மருந்து உண்டு. மேற்பரப்புப் படங்களின் தரத்தை ஒரு படி குறைத்தால் அவை கொள்ளளவிற்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, மடையின் அளவு. அதாவது ஒரு நொடியில் எவ்வளவு கணக்குச் செய்ய இயலும் என்பது. 4கே எனப்படும் திரையில் 82,94,400 புள்ளிகள் உள்ளன. இது முன்சொன்ன திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு. சிறு மடையைத் திறந்துவிட்டு நான்கு மடங்கு நிலம் நனையவில்லையே என வருந்துவது அறிவுடைமை ஆகாது. இதற்கும் மருந்து உண்டு. திரையின் புள்ளிகளைக் குறைக்கலாம். நிழல், புகை, நீரலை முதலியவற்றின் நுணுக்கத்தைக் குறைக்கலாம். குறைந்த புள்ளிகளில் படத்தை வரைந்து, பின்னர் அதனைப் பெரிதாக்கிக் காட்டும் முறையும் உண்டு. ஏ.எம்.டி. நிறுவனம் 2021 ஜூனில் வெளியிட்ட எப்.எஸ்.ஆர். என்னும் அத்தகைய முறை, போட்டி நிறுவனத்தின் பழைய அட்டைகளிலும் இயங்குவது குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது கேள்வியே முதன்மையானது. மடை சிறிதானால் வயல் மெல்ல நனையும், ஆனால் நனையும். நிலம் மடையின் மட்டத்திற்கு மேலே இருக்குமானால், எத்தனை நாள் காத்திருந்தாலும் நீர் ஏறாது. அட்டைகளிலும் இத்தகைய மேட்டு நிலம் உண்டு. ஒளிக்கதிர் செல்லும் வழியைப் பின்தொடர்ந்து நிழலையும் எதிரொளியையும் கணிக்கும் முறைக்கு ரே டிரேசிங் என்று பெயர். இதற்கென்றே தனி உறுப்புகளை என்விடியா 2018ஆம் ஆண்டில் தன் ஆர்.டி.எக்ஸ். அட்டைகளில் அமைத்தது. 1060இல் அவ்வுறுப்புகள் இல்லை. 2024 டிசம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, அவ்வுறுப்புகள் உள்ள அட்டையைக் கட்டாயமாகக் கேட்கிறது. தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பழைய அட்டைக்கு அங்கே இடமில்லை.

ஆகவே, ஓர் அட்டை பழையதாவது இருவகைப்படும் என்பதை மனத்திற்கொள்க. ஒன்று, வேகம் போதாமை. மற்றொன்று, உறுப்பு இன்மை. முன்னதை நம் விருப்பத்தைச் சுருக்கிச் சரிக்கட்டலாம். பின்னதைச் சரிக்கட்ட வழியில்லை. "பழையது உதவாது" என்று பொதுப்படப் பேசுவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றனர்.

ஒரே அட்டையின் நிலை காலத்தால் எவ்வாறு மாறுகிறது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். வயது வந்தோர்க்கென வகுக்கப்பட்ட சைபர்பங்க் 2077 என்னும் விளையாட்டு 2020 டிசம்பரில் வெளிவந்தது. நன்கு விளையாட ஏற்றதென அப்போது பரிந்துரைக்கப்பட்டவற்றுள் 1060 ஒன்று. அதே விளையாட்டைத் திருத்தி விரிவாக்கிய 2023ஆம் ஆண்டில், குறைந்த அளவுத் தேவை என்னும் கடைசி வரிசைக்கு அவ்வட்டை இறங்கிவிட்டது. மூன்றாண்டுகளில் அட்டை தேய்ந்துவிடவில்லை, எதிர்பார்ப்பே உயர்ந்தது. இதற்கு மாறாக, 2020 ஜூனில் வெளிவந்த வேலரண்ட் என்னும் போட்டி விளையாட்டிற்கு, நொடிக்கு 144 படங்களுக்கு மேல் வேண்டுவோர்க்கெனக் கூறப்பட்ட அட்டை 1050 டிஐ. அது 1060ஐவிட எளியது. ஒரு விளையாட்டில் கடைசி வரிசையில் நிற்பது மற்றொன்றில் முதல் வரிசையில் அமர்கிறது.

மறைக்காமல் சொல்ல வேண்டிய குறையும் ஒன்றுண்டு. அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் நிரலை நிறுவனம் அவ்வப்போது திருத்தி வரும். 1060 சேர்ந்த தலைமுறைக்கு, புதிய விளையாட்டுகளுக்கேற்ற திருத்தங்கள் 2025 அக்டோபரோடு முடிவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வருமென்றும் என்விடியா அறிவித்தது. இன்று ஓடும் விளையாட்டுகள் இதனால் நின்றுபோவதில்லை. இனி வருவனவற்றிற்கு உறுதி சொல்ல இயலாது என்பதே பொருள்.

புதியது வாங்கத் துணிவோர் வேறு சிலவற்றையும் எண்ண வேண்டும். பழைய மையச் செயலி மெதுவாக வேலை செய்யுமானால், விரைவான அட்டை அதன் கட்டளைக்குக் காத்திருந்தே பொழுதைப் போக்கும். 1060க்கு 120 வாட் மின்சாரம் போதும். ஆற்றல் மிக்க அட்டைக்கு மின்வழங்கியையும் மாற்ற நேரலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழையது தேடுவோர், பெயரை மட்டும் பார்த்து வாங்கலாகாது. 1060 என்ற அதே பெயரில் 3 ஜிகாபைட் நினைவகமும் 1152 அலகுகளுமே உடைய அட்டையும் உண்டு. மற்றொன்று: எதீரியம் என்னும் மின்னணு நாணயத்தை வரைகலை அட்டைகளால் ஈட்டும் முறை 2022 செப்டம்பரில் முடிவுற்றது. அதுவரை இரவு பகலாக உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன. ஆகவே ஒரு மணி நேரமேனும் ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

வந்த மாணவனுக்கும் எனக்கும் நடந்தது இதுதான். அவன் விளையாடுவனவற்றையும் விளையாட விரும்புவனவற்றையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். எட்டுப் பெயர்கள் எழுதினான். ஒவ்வொன்றின் தேவையையும் பார்த்துப் பக்கத்தில் குறித்தோம். ஐந்து அப்படியே ஓடக்கூடியவை. இரண்டு, தரத்தைக் குறைத்தால் ஓடக்கூடியவை. ஒன்றே ஒன்று மேட்டு நிலம். பிறகு கணிப்பொறியின் மூடியைத் திறந்தோம். அட்டையின் விசிறியில் நம் செம்மண் புழுதி படிந்து கம்பளிபோல் இருந்தது. வெப்பம் மிகுந்தால் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. சித்திரை வெயிலில் படம் தடுமாறியதற்குப் பாதிக் காரணம் அந்தப் புழுதியே. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மெல்லிய தூரிகையால் அதனை அகற்றினோம். வெப்பம் கடத்தும் பசையை மட்டும் பழகியவர் ஒருவரிடம் கொடுத்து மாற்றச் செய்தான்.

அந்த ஒரு விளையாட்டிற்காகக் கல்லூரிக் கட்டணத்தைத் தொடுவதா என்று நான் அவனிடம் கேட்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தானே தந்தையிடம் சொல்லிக்கொள்வதாகக் கூறிச் சென்றான். புதிய அட்டையே வேண்டாம் என்பது என் கருத்தன்று. மேட்டு நில விளையாட்டுகள் ஆண்டுதோறும் பெருகும். ஒருநாள் அவன் தாளில் ஐந்து பெயர்கள் அவ்வாறு ஆகும்போது, மாற்றுவதே முறை. அதுவரை, பிறர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாமல், நீங்களும் அத்தகைய தாள் ஒன்றை எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.