விளையாட்டு வந்தது... பத்தியம் வரவில்லை!

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விளையாட்டுப் பெட்டி இருக்கிறதா? மேலே '400 இன் 1' என்று எழுதியிருக்கும். விலை சில நூறு ரூபாய்தான். பொருட்காட்சியில் வாங்கியிருப்பீர்கள். இல்லாவிட்டால் பிறந்த நாளுக்கு யாராவது கொடுத்திருப்பார்கள். கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். தாவிக் குதிக்கும் மீசைக்கார மரியோ, துப்பாக்கியோடு ஓடும் கான்ட்ரா வீரர்கள்... அட, நம்ம சின்ன வயசு ஆட்டமாச்சே என்பீர்கள்!

இவற்றில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்ற டி.வி. விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்டவை. சூப்பர் மரியோ 1985-ல் வந்தது. இவற்றையெல்லாம் அனுமதி கேட்காமல் உருவி, ஒரே சில்லுக்குள் அடைத்து விற்கிறார்கள். அந்த 400 கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். பல பெட்டிகளில் ஒரே விளையாட்டு நாலு பெயரில் வரும்!

தெரிந்தே பதிப்புரிமையை மீறி வியாபாரம் செய்தால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது நம் 1957-ம் ஆண்டுச் சட்டம். அதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். வைத்தியனாக என் கவலை வேறு.

எங்கள் சித்த மருத்துவமே படியெடுத்துப் படியெடுத்து வந்ததுதான். ஓலை செல்லரித்துப் போகும் முன் அடுத்தவர் புது ஓலையில் எழுதி வைத்தார். சரக்கு, அளவு, அனுபானம், பத்தியம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மருந்தை எழுதிவிட்டுப் பத்தியத்தை விட்டால் அந்தச் சுவடி ஆளைக் கொல்லும். இந்தத் திருட்டு நகல்களில் நடப்பது அதுதான்.

அசல் கருவியோடு ஒரு கையேடு வரும். ஒரு மணி நேரம் ஆடினால் 10 முதல் 15 நிமிடம் ஓய்வு எடு, களைப்பாக இருக்கும்போது ஆடாதே என்று நின்டென்டோ கையேடு சொல்கிறது. மின்னி மின்னி வரும் வெளிச்சத்தால் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு வலிப்பு வரலாம் என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. சும்மா பயமுறுத்தல் இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் டி.வி.யில் ஓடிய போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில், 600-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பிளாட்பாரப் பெட்டியில் இந்த எச்சரிக்கைக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு இருந்தால், பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். ஆடும்போது வலிப்பு வந்துவிட்டால் சாவிக்கொத்தைத் தேடி ஓடாதீர்கள். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தமில்லை. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, முதல் தடவை என்றாலோ உடனே ஆஸ்பத்திரிதான். எங்களைப் போன்ற வைத்தியர்களிடம் அப்புறம் வரலாம்.

இன்னொரு விஷயம், தாய்மார்களுக்கு. "இரும்மா, இந்த ஒரு லெவல் முடிச்சுட்டு வந்துடறேன்" என்று பிள்ளை கெஞ்சினால் உங்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது! பழைய மரியோவில் விட்ட இடத்தைச் சேமிக்க வழியே கிடையாது. 'செல்டா' போன்ற ஆட்டங்களின் அசல் கார்ட்ரிட்ஜுக்குள் அதற்கென்றே ஒரு சின்ன பேட்டரி வைத்தார்கள். மலிவுப் பெட்டியில் பெரும்பாலும் அதுவும் இல்லை. அணைத்தால் அவன் பாடுபட்டதெல்லாம் போச்சு. அதனால் என்ன செய்கிறான்? சிறுநீரை அடக்குகிறான், பசியை அடக்குகிறான், தூக்கத்தை அடக்குகிறான். அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்று சித்தர்கள் வகுத்தார்கள். அதில் இந்த மூன்றும் இருக்கின்றன. சிறுநீரை அடக்கி அடக்கி எரிச்சலோடு வரும் பிள்ளைக்கு நான் எத்தனை நீர்முள்ளிக் குடிநீர் கொடுத்து என்ன பயன்?

இதற்கு வழி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. 'ஸ்டார்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அநேக ஆட்டங்களில் நடுவில் அதை அமுக்கினால் ஆட்டம் அப்படியே நிற்கும், மறுபடி அமுக்கினால் தொடரும். கையேடு இல்லாததால் பல வீடுகளில் இது தெரிவதில்லை. "ஸ்டார்ட்டை அமுக்கிட்டு, போயிட்டு வாப்பா" என்று சொல்லிப் பாருங்கள். "ஆஃப் பண்ணுடா!" என்று கத்துவதைவிட இது பலிக்கும்.

"கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி கொடுக்கலாமா சார்?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கொடுங்கள், நல்ல கீரை. ஆனால் அது கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றி வைக்காது. சின்னத் திரையை உற்றுப் பார்க்கும்போது கண் இமைப்பதே குறைகிறது. அதனால்தான் உறுத்தல், கண்ணைக் கசக்குவது எல்லாம். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் மாலை வெயிலில் ஓடி விளையாட விடுங்கள்.

கடைசியாக, பெட்டியின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பல பெட்டிகளில் பழைய நோக்கியா போனில் இருந்த பி.எல்.5சி அளவு பேட்டரி இருக்கும். 2007-ல் நோக்கியாவே, அந்த ரகத்தில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று அறிவித்து, மாற்றித் தர முன்வந்தது. பெயர் தெரியாத பேட்டரிக்கு அப்படி அறிவிக்க யார் இருக்கிறார்கள்? ராத்திரி முழுக்க தலையணை அருகே சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஆட விடாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் குத்தியோ அழுத்தியோ பார்க்காமல், தனியாக எடுத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.