இருதயத்தினுள் ஒரு கட்டி

கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மவர் புற்றுநோய் என்றே நிச்சயித்து விடுகிறார்கள். இருதயத்தில் என்றாலோ கேட்க வேண்டியதில்லை. வைத்தியரை விட்டு ஜோசியரை நாடுவோர் எங்கள் ஓமலூரிலும் உண்டு. ஆனால் இருதயத்திலேயே தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றல்ல.

பெரியவர்களிடம் அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது 'மிக்ஸோமா'. கொழகொழவென்ற இக்கட்டி, நாலில் மூன்று பேருக்கு இருதயத்தின் இடது மேலறையில் உண்டாகிறது. மேலறைகளின் நடுச்சுவரில் பெரும்பாலும் ஒரு காம்பினால் ஒட்டித் தொங்குகிறது. ஆடவரைவிட ஸ்திரீகளுக்கே இது மிகுதி.

தொங்குவதில்தான் விபரீதம். கீழறைக்கு ரத்தம் இறங்கும் வாயிலைக் கட்டி வந்து அடைக்கும்போது மூச்சு முட்டுகிறது, மயக்கம் வருகிறது. திரும்பிப் படுத்தால் சிலருக்கு உடனே தணிகிறது! குழலை வைத்துக் கேட்டாலோ, வாத ஜுரத்தால் வால்வு சுருங்கியவரிடம் கேட்கும் ஓசையே ஏறக்குறைய கேட்கும். அந்த வால்வு நோய் நம் நாட்டில் மலிந்திருப்பதால், அதுவே இதுவும் என்று மயங்க இடமுண்டு. சிலருக்குக் காய்ச்சலும் மெலிவும் மட்டுமே தோன்றும். இவற்றினும் கொடியது, கட்டியின் துணுக்குப் பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிப்பது. ரத்தக் கொதிப்போ நீரிழிவோ இல்லாத இளம் வயதினர் ஒருவருக்குக் கைகால் விழுந்தால், இருதயத்தையும் சோதிக்கும்படி கேட்பது உற்றாரின் கடமை என்றே சொல்வோம்.

1950க்கு முன் இக்கட்டி பெரும்பாலும் பிரேத பரிசோதனையில்தான் வெளிப்பட்டது. 1954-ல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, இருதய-நுரையீரல் யந்திரத்தின் துணையால் அதை வெற்றிகரமாக அகற்றினார். 1959-ல் ஜெர்மனியில் ஒலி அலைகளைக் கொண்டே கண்டறிந்தார்கள். நமது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் 1960-களின் தொடக்கத்திலேயே திறந்த இருதய ரண சிகிச்சை நடந்தது பெருமைக்குரியது. இன்று 'எக்கோ' பரிசோதனைக்குச் சேலம் வரை போனால் போதும், ஊசியில்லை, வலியில்லை.

இதைக் கரைக்க மருந்து கிடையாது. கண்டவுடன் தாமதிக்காமல், இருதயத்தை நிறுத்தி யந்திரத்தை இயக்கி, காம்பு ஒட்டிய சுவர்ப்பகுதியோடு வெட்டியெடுக்கிறார்கள். மிகச் சிலருக்கே மீண்டும் முளைக்கிறது. ஆயினும் அவ்வப்போது எக்கோ பார்த்துக்கொள்வது நலம். அபூர்வமாகச் சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருவதுண்டு. அங்கே உடன்பிறந்தாரையும் மக்களையும் சோதிக்க வேண்டும்.

சிசுக்களுக்கு வருவது வேறு வகை, 'ராப்டோமயோமா'. ரத்த ஓட்டத்தை மறிக்காதவரை அதற்குக் கத்தி வேண்டியதில்லை. குழந்தை வளர வளரப் பெரும்பாலும் தானே சுருங்கிவிடுகிறது. ஆனால் அது வேறொரு பிறவி நோயின் அறிகுறியாக இருக்கக்கூடுமாதலால், குழந்தையின் மூளையையும் தோலையும் வைத்தியர் சோதிப்பார்.