மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததா?

கல்லூரியில் இடம் கேட்டு மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பியிருக்கிறீர்கள். நாளை கடைசி நாள். அது உரியவரிடம் சேர்ந்ததா என்று எப்படி அறிவீர்கள்? பதிவுத் தபாலுடன் நாம் இணைத்து வந்த ஒப்புகை அட்டை, பெற்றவரின் கையொப்பத்தோடு திரும்பி வந்தது. மின்னஞ்சலுக்கும் அத்தகைய ஒப்புகை உண்டா? உண்டு, ஒன்றல்ல, இரண்டு வகை. அவை சொல்லும் செய்திகள் வெவ்வேறு.

உங்கள் மடல் முதலில் ‘சர்வர்’ எனப்படும் அஞ்சல் கணிப்பொறிக்குச் செல்கிறது. அது பெறுபவருடைய சர்வரிடம் மடலை ஒப்படைக்கிறது. ஏற்றுக்கொண்ட சர்வர் ‘250’ என்ற எண்ணை விடையாகத் தருகிறது. ‘இனி இம்மடல் என் பொறுப்பு’ என்பது அதன் பொருள். 1982-இல் வெளியான எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையிலேயே இந்த எண் உண்டு. ஆனால் இது சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்வது. உங்கள் கண்ணில் படாது.

அதை உங்களுக்கும் தெரிவிக்க 1996-இல் முதல் வகை ஒப்புகைக்கு விதி வகுத்தார்கள். சேர்ந்தாலும், சேராவிட்டாலும், தாமதமானாலும் தெரிவிக்குமாறு அனுப்பும்போதே கேட்கலாம். கேட்காவிட்டால் வழக்கமாகத் தோல்வி மட்டுமே தெரிவிக்கப்படும். அதுவும் உடனே வருமென்பதில்லை. மறுமுனை சர்வர் இயங்காதிருந்தால், நான்கைந்து நாட்கள் திரும்பத் திரும்ப முயன்ற பிறகே கைவிடுவது வழக்கம். எனவே, தோல்விச் செய்தி வரவில்லை என்பதனாலேயே மடல் சேர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள்!

இந்த ஒப்புகை, மடல் பெட்டியில் விழுந்ததை மட்டுமே சொல்லும். வேண்டாத மடல்களை ஒதுக்கும் பிரிவில் அது கிடந்தாலும் ‘சேர்ந்தது’ என்றே வரும்.

இரண்டாம் வகைக்கு 1998-இல் விதி எழுந்தது. மடலைத் திறந்ததும் பெறுபவரின் மென்பொருள் ‘திரையில் காட்டப்பட்டது’ என்று உங்களுக்குத் தெரிவிக்கும். ஆனால் பெறுபவர் அதற்கு இசைய வேண்டும். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. மேலும், திரையில் தோன்றியதெல்லாம் படிக்கப்பட்டதாகுமா?

தண்டர்பேர்டு போன்ற மென்பொருள்களில் இவ்விரண்டையும் கேட்கும் வசதி உள்ளது. எல்லா அஞ்சல் சேவைகளிலும் இல்லை.

ஆக, முதல் ஒப்புகை பெட்டி வரை. இரண்டாவது திரை வரை. படித்ததற்குச் சான்று மனிதர் எழுதும் பதில் ஒன்றே. ஆகவே முக்கியமான மடலைக் கெடுவுக்குச் சில நாட்கள் முன்பே அனுப்புங்கள். ‘கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள்’ என்று இறுதியில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொலைபேசியில் விசாரித்து விடுங்கள். உங்களுக்கு அப்படி ஒருவர் எழுதினால், அந்த ஒரு வரியை நீங்களும் எழுதலாம் அல்லவா?