அப்பா, ஏன் குனியறீங்க?

சிரிச்சுக்கிட்டே பார்க்க ஆரம்பிச்சு, கடைசியில நம்ம அப்பாவை நினைச்சுக் கலங்க வைக்கிற ஒரு ஜப்பான் படம் இருக்கு. பேரு, ‘பிறந்தேன், ஆனால்...’. 1932-ல் வந்தது. இயக்கம், யாசுஜிரோ ஓசு. அப்போ அவருக்கு 28 வயசுதான்!

இது ஊமைப்படம். தமிழில் 1931-லேயே ‘காளிதாஸ்’ பேசிடுச்சு. ஜப்பானில் ஊமைப்படங்கள் இன்னும் சில வருஷம் தாக்குப்பிடிச்சது. காரணம், ‘பென்ஷி’கள். திரைக்குப் பக்கத்தில் நின்னு கதை சொல்றவங்க. அவங்களுக்குனே தனி ரசிகர் கூட்டம்!

கதை சிம்பிள். ஆபீஸ் குமாஸ்தா ஒருத்தர், முதலாளி வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவர்றார். அவரோட ரெண்டு பசங்க, ஏரியா வாண்டுகளோட மோதி ராஜா ஆகிடறாங்க. பலம் வரும்னு குருவி முட்டையைப் பச்சையா முழுங்கறது, கையைக் காட்டினதும் எதிராளி ‘செத்து’ விழணும்கிற விளையாட்டு... செம அலப்பறை! முதலாளி பையனே இவங்க கை காட்டினா விழணும்.

ஒரு நாள், முதலாளி தான் எடுத்த படத்தை வீட்டில் ஓட்டறார். அதுல அப்பா, முதலாளியைச் சிரிக்க வைக்க கோமாளி மாதிரி முகத்தைக் கோணிக்கிட்டு நிக்கறார். எல்லாரும் சிரிக்க, பசங்க முகம் மட்டும் சுருங்கிப்போகுது. ஏன் அவருக்குக் குனியறீங்கனு வீட்டில் ஒரே சண்டை. அவர்தானே சம்பளம் தர்றார்ங்கறார் அப்பா. அப்போ வாங்காதீங்க! வாங்கலைனா சாப்பாடு? சாப்பிடவே மாட்டோம்! மறுநாள் உண்ணாவிரதம்... அம்மா பிடிச்ச சோத்து உருண்டை வர்ற வரைக்கும்!

சேவூர், ஆரணிப் பக்கத்து நெசவு வீட்டு ஃப்ரெண்ட்ஸுக்கு இது டோக்கியோ கதையாவே தெரியாது. முதலாளிகிட்ட பட்டும் ஜரிகையும் வாங்கி கூலிக்கு நெய்யற அப்பா, முடிச்ச சேலையோட அவர் முன்னாடி நிக்கறப்போ சிரிப்பாரே... அதே சிரிப்புதான். செமஸ்டர் ஃபீஸ் அந்தக் கூலியில் இருந்துதானே வருது?

ஓசு யாரையும் வில்லனாக்கலை. தூங்கற பசங்களைப் பார்த்து, இவங்களும் நம்மள மாதிரி ஆகிடக் கூடாதுனு தவிக்கறார் அப்பா. மறுநாள் வழியில் முதலாளி கார் நிக்குது. அப்பா தயங்கறார். ‘போய் வணக்கம் சொல்லுங்க’னு அனுப்பி வைக்கிறதே பசங்கதான்! பசங்க தோத்துட்டாங்களா, அப்பாவைப் புரிஞ்சுக்கிட்டாங்களா? படம் பதில் சொல்லலை. நீங்கதான் சொல்லணும்.

ஒன்றரை மணி நேரப் படம். முடிஞ்சா அப்பாவையும் பக்கத்தில் உட்கார வைங்க. ஊமைப்படம்தானே... தறிச் சத்தத்துக்கு நடுவுலயும் பார்க்கலாம்!