‘சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க!’ - டேட்டாபேஸை மாற்றினால் இந்தப் பதில் மாறுமா?

மாதத் தொடக்கம். கோடியக்கரைப் பக்கம் ஒரு ரேஷன் கடை வரிசை என்று வைத்துக்கொள்வோம். உப்பளத்தில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒரு பெண், கருவியில் விரலை வைக்கிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. “சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க” என்கிறார் விற்பனையாளர். அரிசி கடைக்குள் இருக்கிறது. வாங்க வேண்டியவர் எதிரிலேயே நிற்கிறார். ‘இவர் இவர்தான்’ என்று சொல்ல வேண்டிய கணினியை மட்டும் காணோம்!

தமிழக ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆதார் வழியாகச் சரிபார்க்கும்போது, விரல் வைத்த தகவல் ஆதார் ஆணையத்தின் தரவு மையங்கள் வரை போய்த் திரும்ப வேண்டும். அந்த மையங்கள் பெங்களூருவிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கின்றன. வழியில் எங்கே வேண்டுமானாலும் தடங்கல் வரலாம். டவர் சிக்னல், பழைய கருவி, வேலை செய்து தேய்ந்த ரேகை என்று காரணங்கள் பல. அவற்றில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம். அடையாளத்தைச் சரிபார்க்கும் சர்வருக்கு நினைவு எங்கே இருக்கிறது?

அடையாள சர்வர் என்றால் என்ன?

காலையில் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து ஒரே ஒரு முறை லாகின் செய்கிறீர்கள். மெயில், சம்பளச் சீட்டு, லீவ் விண்ணப்பம் எல்லாம் திறந்துகொள்கின்றன. பின்னால் ஓர் அடையாள சர்வர் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது: நீங்கள் யார்? உங்களுக்கு என்ன அனுமதி?

இந்த வேலைக்கான ஒரு மென்பொருள் கோடியக்கரைக்கு எதிர்க்கரையிலிருந்தே வருகிறது. இலங்கையில் சஞ்சீவ வீரவரண உள்ளிட்டோர் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் ‘ஐடென்டிட்டி சர்வர்’தான் அது. ரெட் ஹாட்டில் உருவான ‘கீக்ளோக்’ இதே வகையில் இன்னொன்று. இரண்டும் ஓப்பன் சோர்ஸ்.

இரண்டுக்கும் ஒரு பொதுப் பழக்கம் உண்டு. சோதனைக்காக நிறுவினால், எச்2 என்ற குட்டி டேட்டாபேஸ் கூடவே வரும். அது அதே மெஷினுக்குள் ஒரு கோப்பாக உட்கார்ந்திருக்கும். கற்றுக்கொள்ள அருமையானது. ஆனால் நிஜப் பயன்பாட்டுக்கு இதை வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள்.

ஏன் போதாது?

கூட்டம் அதிகமானதும் சர்வரை இரண்டாக்குகிறீர்கள். இப்போது முதல் சர்வரில் லாகின் செய்தவரின் அடுத்த கிளிக் இரண்டாவது சர்வருக்குப் போகிறது. அது, “யாருங்க நீங்க?” என்று கேட்கும். ஆள் இரண்டு பேர் ஆனாலும் நினைவு தனித்தனியாக இருப்பதுதான் சிக்கல்.

எனவே முதல் படி, நினைவை வெளியே எடுப்பது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் போன்ற ரிலேஷனல் டேட்டாபேஸில் பயனர், பொறுப்பு, அனுமதி எல்லாம் தனித்தனி அட்டவணைகளாக, ஒன்றோடொன்று பிணைந்து இருக்கும். ‘ஒருவரை நீக்கு, அவருடைய அனுமதியையும் நீக்கு’ என்றால் இரண்டும் சேர்ந்து நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. அடையாள விஷயத்தில் பாதி வேலை ஆபத்து என்பதால் இந்த உத்தரவாதம் முக்கியம்.

சரி, இப்போ பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. முன்னால் பத்து சர்வர் இருந்தாலும், பின்னால் ஒரே டேட்டாபேஸ் என்றால் அது விழும்போது பத்தும் விழும்.

கிளஸ்டர் எப்படிக் காப்பாற்றும்?

டேட்டாபேஸின் பிரதியை இன்னொரு மெஷினில் வைத்திருப்பது எளிய வழி. முதலாவதில் எழுதியது சற்றுத் தாமதமாக இரண்டாவதுக்குப் போகும். செய்தித் தளத்துக்கு இந்தத் தாமதம் பரவாயில்லை. ஆனால் போனைத் தொலைத்துவிட்டுப் பதறிப்போய் பாஸ்வேர்டை மாற்றுகிறீர்கள். அந்தச் செய்தி போய்ச்சேராத பிரதி, பழைய பாஸ்வேர்டை ‘சரி’ என்று சொன்னால்? திருடனுக்கு அந்தச் சில நொடிகளே போதும்.

அதனால்தான் எல்லா மெஷின்களும் ஒத்துக்கொண்ட பிறகே ‘எழுதியாச்சு’ என்று சொல்லும் கிளஸ்டர்கள் தேவைப்படுகின்றன. மைஎஸ்க்யூஎல் உலகில் பிரபலமானவை இரண்டு. என்டிபி கிளஸ்டர், எரிக்சன் நிறுவனத்தில் தொலைத்தொடர்புச் சேவைகளுக்காகப் பிறந்து, 2003இல் மைஎஸ்க்யூஎல் கைக்கு வந்தது. மற்றொன்று கலேரா. மரியாடிபியோடும் இதைப் பயன்படுத்தலாம்.

ஏன் மூன்று மெஷின்?

இரண்டு மட்டும் இருந்து, நடுவே கேபிள் அறுந்தால், ‘மற்றவர் இறந்துவிட்டார், இனி நான்தான்’ என்று இரண்டும் நினைக்கும். இரண்டும் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் எது உண்மை என்று பிறகு பிரிக்க முடியாது. மூன்று இருந்தால் கணக்கு எளிது. இருவர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அதுதான் பெரும்பான்மை, அவர்கள் தொடரலாம். தனித்துவிடப்பட்டது நின்றுகொள்ளும். மூன்று இருந்தால் ஒன்றை இழக்கலாம், ஐந்து இருந்தால் இரண்டை. நான்கு வாங்கினாலும் ஒன்றைத்தான் இழக்க முடியும், காசு வீண். என்டிபியில் தரவு மெஷின்கள் இரண்டே இருந்தாலும், யார் தொடர்வது என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு நடுவர் வேண்டும்.

மாற்றும்போது எங்கே இடறுவோம்?

*அட்டவணையின் வகை:* என்டிபியில் ஒவ்வொரு அட்டவணையையும் ‘இது கிளஸ்டருக்கு’ என்று சொல்லி உருவாக்க வேண்டும். மறந்தால் அந்த அட்டவணை ஒரே ஒரு எஸ்க்யூஎல் மெஷினில் தங்கிவிடும். பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும், அந்த மெஷின் விழும் நாள் வரை. இதற்காகவே டபிள்யூஎஸ்ஓ2, கிளஸ்டருக்கென்று தனி ஸ்கிரிப்ட் தருகிறது.

*மோதல்:* கலேராவில் ஒரே வரியை இரண்டு மெஷின்களில் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒன்று நிராகரிக்கப்படும். மென்பொருள் அதை மறுபடி முயல வேண்டும்.

*சாவி:* பல ரகசியங்கள் டேட்டாபேஸில் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். புது சர்வரில் பழைய சாவிக் கோப்பை வைக்க மறந்தால், தரவு முழுசா வந்து சேரும். ஆனால் படிக்க முடியாது.

*கடிகாரம்:* ஆத்தென்டிகேட்டர் ஆப் தரும் எண்ணும் லாகின் டோக்கனும் நேரத்தை நம்பியவை. மெஷின்களின் நேரம் முன்னே பின்னே இருந்தால், சரியான ஆளையே வெளியே நிறுத்திவிடும்.

*திரும்பும் வழி:* ஆள் குறைவான இரவு நேரத்தில், புதுப் பதிவுகளை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். அட்டவணை வாரியாக எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். பழையதை உடனே அழிக்கக் கூடாது.

அப்போ பேக்கப் தேவையில்லையா?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். யாரோ தவறுதலாக எல்லாப் பயனர்களையும் அழித்துவிட்டால், கிளஸ்டர் கீழ்ப்படிந்து மூன்று மெஷின்களிலும் அழித்துவிடும். மெஷின் கெட்டால் காப்பாற்றுவது கிளஸ்டர். மனிதர் தவறினால் காப்பாற்றுவது பேக்கப். இரண்டும் வேண்டும்.

மூன்று மெஷின்களும் ஒரே அறையில் இருந்தாலும் பயன் குறைவு. இதைக் கோடியக்கரைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘பொன்னியின் செல்வன்’ வாசகர்கள் மறக்காத ஊர் இது. இங்கே எஞ்சியிருந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் சிதைந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது, டெல்டாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எனவே மெஷின்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பது நல்லது. ஆனால் தூரம் கூடக் கூட, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் நேரமும் கூடும். எவ்வளவு தூரம் வைப்பது என்பதைச் செலவையும் வேகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அந்தப் பெண்ணுக்கு அரிசி கிடைக்குமா?

தரவு மையத்தில் ஒரு டேட்டாபேஸ் மெஷின் விழுந்ததுதான் காரணம் என்றால், கிடைக்கும். கிளஸ்டர் இருந்தால் அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் ஊரில் டவரே சாய்ந்திருந்தால் எந்த கிளஸ்டராலும் உதவ முடியாது. அன்று தேவைப்படுவது, ‘கருவி வேலை செய்யாவிட்டாலும் பொருள் கொடு, பதிவேட்டில் எழுதிக்கொள்’ என்று விற்பனையாளருக்குத் தைரியம் தரும் ஒரு விதி. சிஸ்டம் வடிவமைப்பில் அதுவும் ஒரு பகுதிதான்.

உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு மாற்றம் பேசப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஒரு மெஷினை இப்போதே அணைத்தால் லாகின் வேலை செய்யுமா? பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தோம்? எல்லாமே விழுந்தால், கவுன்ட்டரில் இருப்பவர் எதிரில் நிற்பவரிடம் என்ன சொல்வார்?

மூன்றாவது கேள்விக்கு “நாளைக்கு வாங்க” என்பதுதான் பதில் என்றால், வேலை இன்னும் முடியவில்லை.